அக்காவுக்கு, உன் வலியைப் பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஆய்வக வேலை பிடிபட்டுவிட்டது. இங்குள்ளவர்கள் வேகமாகப் பேசினால்தான் இன்னும் திணறுகிறேன். குளிர்காலம் என்பதால் சாயங்காலம் வருமுன்பே இருட்டிவிடுகிறது. சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

மறுபடியும் யூரின் கல்ச்சரில் கிருமி இல்லை, "எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார்கள் என்றாயே, கேட்டதிலிருந்து எனக்கு மனது ஆறவில்லை. உன்னைப் போல் கிருமியே இல்லாமல் சிறுநீர்ப்பை வலியால் அவதிப்படுகிறவர்களின் (இதை இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ் என்பார்கள்) சிறுநீர்ப்பைத் திசுவை இங்கே தினமும் சீவிச் சாயமேற்றுகிறேன். நல்ல பையில் மேலடுக்கில் அகலமான குடை செல்கள் இடைவெளி இல்லாமல் மூடியிருக்கும். அவற்றின் மேல் வழவழப்பான ஒரு பூச்சு. சிறுநீரின் பொட்டாசியம் உள்ளே இறங்காமல் காப்பது இவைதான். சிலருடைய ஸ்லைடில், சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மாதிரி, அந்த அடுக்கே உரிந்து போயிருக்கிறது. அடியில் லிம்போசைட்டுகள், பிளாஸ்மா செல்கள் என்று அழற்சிக்கு வரும் வெள்ளணு வகைகள் மொய்த்துக் கிடக்கும். டொலுயிடின் நீலம் என்ற சாயம் போட்டால், அலர்ஜியில் வேலை செய்கிற மாஸ்ட் செல்கள் ஊதாப் புள்ளிகளாகத் தெரியும்.

காப்பு கெட்டால் பொட்டாசியம் கசிந்து நரம்பைச் சீண்டும். மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற அழற்சிப் பொருளைக் கொட்டும், அழற்சி கூடும், அந்த அழற்சி செல்களுக்கு இடையிலான பிணைப்பை இன்னும் தளர்த்தும். பை நிறைய நிறைய வலி ஏறி, சிறுநீர் போய்விட்டு வந்தால் கொஞ்சம் அடங்குகிறது என்பாயே, அதுதான் இந்த நோயின் முக்கிய அடையாளம். இதில் எது முதலில் தொடங்குகிறது என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை.

எல்லாருக்கும் இப்படித் தெரியாது, அக்கா. பலருக்குத் திசுவில் அழற்சி குறைவாகவே இருக்கும், ஆனாலும் வலி அவ்வளவும் நிஜம். ஹன்னர் என்ற மருத்துவர் 1915-இல் விவரித்த புண் சிறுநீர்ப்பைக்குள் இருந்தால் மட்டும் வழி வேறு: குழாய்க் கேமரா விட்டுப் பார்த்து அந்த இடத்தைச் சுடுவார்கள், அல்லது ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். பலருக்கு நன்றாகவே குறைகிறது, திரும்ப வரவும் கூடும். அதனால் அந்தக் கேமராப் பரிசோதனையை, அதாவது சிஸ்டோஸ்கோப்பியை, செய்யலாமா என்று நீயே கேள். புண் இல்லையென்றால் இடுப்புத் தசைக்கான பிசியோதெரபி, நரம்பு வலியைக் குறைக்கும் அமிட்ரிப்டிலின் மாத்திரை, மேல்பூச்சுக்கு ஈடாகப் பைக்குள் ஹையலுரோனிக் அமிலம் செலுத்துவது என்று வேறு வழிகள் உண்டு. இந்த நோய்க்குக் கொடுக்கும் பென்டோசான் மாத்திரை எழுதினால் கண் பரிசோதனையும் கேள். நெடுநாள் சாப்பிட்டவர்களில் சிலருக்கு விழித்திரை பாதித்திருக்கிறது. கிருமியே இல்லாதபோது திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் எதற்கு என்பதையும் தயங்காமல் கேட்டுவிடு.

அப்புறம், டாக்டரிடம் போவதற்கு முன் மூன்று நாள் குறித்து வை: எத்தனை மணிக்குச் சிறுநீர் போனாய், எத்தனை மில்லி, வலி எவ்வளவு. பழைய ரிப்போர்ட்டுகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உன் தம்பி