நோரிஸை மட்டும் திட்டுறது நியாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

2024 ஹங்கேரி ஃபார்முலா ஒன் கார் ரேஸ்ல, மெக்லாரன் டீமோட ரெண்டு டிரைவர்கள்ல நோரிஸ் தன் டீம்மேட் பியாஸ்ட்ரிக்கு வழிவிட லேட் பண்ணிட்டாருன்னு திட்டுறாங்க. அந்த ரேஸ் முடிஞ்சதுல இருந்து எங்க நண்பர்களுக்குள்ள ஒரே சண்டை, பாதி பேரு நோரிஸ் பக்கம், பாதி பேரு பியாஸ்ட்ரி பக்கம். என்னைக் கேட்டா தப்பு மெக்லாரன் டீம் மேலதான். ஸ்டார்ட்லயே போல் பொசிஷன்ல, அதாவது முதல் இடத்துல நின்ன நோரிஸைத் தாண்டிப் போய் லீட் எடுத்தது பியாஸ்ட்ரி, அவரை விட்டுட்டு நோரிஸை ரெண்டு லேப் முன்னாடியே டயர் மாத்த பிட்டுக்குக் கூப்பிட்டாங்க, புது டயர்ல அவர் வேகமா ஓட்டி முன்னாடி வந்துட்டாரு. அந்த ரேஸ் நடந்த ஹங்கரோரிங் டிராக்ல ஓவர்டேக் பண்றது எவ்வளவு கஷ்டம்னு டீமுக்குத் தெரியாதா என்ன? அப்புறம் ரேடியோல இடத்தைத் திருப்பிக் கொடுன்னு கெஞ்சுறாங்க. 70 லேப்ல 68வது லேப்லதான் நோரிஸ் மெயின் ஸ்ட்ரெயிட்ல வேகத்தைக் குறைச்சு வழிவிட்டாரு, பாத்துட்டிருந்த எனக்கே நெஞ்சு கனத்துப் போச்சு. முதலுக்கும் ரெண்டாவதுக்கும் 7 பாயின்ட் வித்தியாசம், சாம்பியன்ஷிப் பாயின்ட்ல முன்னாடி இருந்த வெர்ஸ்டாப்பனை நோரிஸ் துரத்திட்டிருந்த நேரத்துல அது சின்ன விஷயமே இல்ல. ஆனாலும் பியாஸ்ட்ரியோட முதல் ஃபார்முலா ஒன் கிராண்ட் பிரி வெற்றி அது, அவருக்குச் சேர வேண்டியதுதான். இனிமேலாவது முன்னாடி ஓடுறவரை முதல்ல பிட்டுக்குக் கூப்பிடுங்கப்பா.

இப்படிக்கு,
ஒரு ஃபார்முலா ஒன் ரசிகன், மதுரை