கிரேட் மாலுக்குப் பக்கத்துக் கட்டடம்: சான்டா கிளாரா கவுண்டித் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஒரு நாளாவது மில்பிட்டாஸ் கிரேட் மாலுக்குக் கூட்டிப்போகாத தமிழ்க் குடும்பம் கலிஃபோர்னியாவின் இந்தக் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்காது. திரும்பிப் போகும்போது பெட்டியில் அடைக்க ஷூ, கைப்பை, சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு டி-ஷர்ட், எல்லாம் அங்கேதான். போன வருடம் என் மாமனார் காரிலிருந்தபடி, மாலுக்குக் கூப்பிடு தூரத்தில் வேலி போட்டு நீண்டு கிடக்கும் கட்டடங்களைப் பார்த்து, "இது என்ன மாப்பிள்ளை, மிலிட்டரி கேம்பா?" என்று கேட்டார். "ஏதோ கவர்மெண்ட் ஆபீஸ் மாமா" என்றேன். அது எல்ம்வுட் சிறை என்று எனக்கு நன்றாகத் தெரியும். 18 வருடமாக அந்த வழியில் போய் வருகிறேன். சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

குடியுரிமை வாங்கியவர்கள் ஜூரி டியூட்டிக்காக (வழக்குகளில் நடுவர் குழுவில் உட்காரும் கடமை) சான் ஹோசே ஹெடிங் தெருவுக்குப் போயிருப்பீர்கள். நீதிமன்றத்தை ஒட்டி நிற்கும் உயரமான கட்டடம்தான் கவுண்டியின் மெயின் ஜெயில். டிசம்பரிலும் ஏப்ரலிலும் முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறோமே வீட்டு வரி, அதில் ஒரு பங்கு இந்த இரண்டு சிறைகளுக்கும் போகிறது.

ஜெயில் வேறு, ப்ரிசன் வேறு என்று அமெரிக்கர்கள் பிரிப்பதை நாம் ஒரே 'சிறை'க்குள் அடைத்துவிடுகிறோம். நீண்ட தண்டனை பெற்றவர்களை வைத்திருப்பது மாநில அரசின் ப்ரிசன். கவுண்டி ஜெயில் நம் ஊர்க் கிளைச்சிறை மாதிரி. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். 2011இல் மாநிலச் சிறைகளின் நெரிசலைக் குறைக்க ஏபி 109 சட்டம் வந்தது. அதன்பின் முன்பு மாநிலச் சிறைக்குப் போயிருக்கக்கூடிய சிலரும் இங்கேயே தண்டனைக் காலத்தைக் கழிக்கிறார்கள். வெளியே வருகிறவர்களைக் கவனிக்கும் வேலையும் பெருமளவு கவுண்டியின் தலையில் விழுந்தது.

2015 ஆகஸ்டில் மெயின் ஜெயிலில் மைக்கேல் டைரீ என்ற 31 வயதுக்காரர் தன் அறையில் இறந்து கிடந்தார். மனநலப் பாதிப்பு உள்ளவர். அவர் உள்ளே இருந்ததற்குக் காரணம், சிகிச்சை மையத்தில் அவருக்கு ஒரு படுக்கை காலியாகாததுதான். மூன்று சிறைக் காவலர்கள் அடித்ததில் உள்ளுறுப்புகள் கிழிந்து இறந்தார் என்று வழக்கு நடந்தது. 2017இல் மூவரையும் கொலைக் குற்றவாளிகள் என்றது ஜூரி. பிறகு கொலைக் குற்றம் பற்றிய மாநிலச் சட்டம் மாறியதால், மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. சட்ட நுணுக்கம் எப்படியோ போகட்டும். எனக்கு மறக்காமல் இருப்பது வேறு ஒரு விஷயம். அந்தச் சாவுக்குப் பிறகுதான் சிறையில் போதுமான கேமரா இல்லை என்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. அவசரத்துக்கு ஷெரிஃப் (கவுண்டியின் காவல் தலைவர், சிறைகளும் அவர் பொறுப்பு) அலுவலகம் கேமரா வாங்கியது எங்கே தெரியுமா? காஸ்ட்கோவில். உலகத்துக்கே சிப் வடிவமைத்துக் கொடுக்கும் சிலிக்கன் பள்ளத்தாக்கின் கவுண்டி!

ஓய்வுபெற்ற நீதிபதி லாடோரிஸ் கார்டெல் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். 2016இல் நூற்றுக்கு மேல் பரிந்துரைகள் வந்தன. அவற்றில் முக்கியமானது, சிறையை ஷெரிஃபுக்குக் கட்டுப்படாத யாராவது வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்பது. 2018இல் கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் வாரியம் அதை ஏற்றது. இப்போது தனிக் கண்காணிப்பு அலுவலகம் ஒன்று இருக்கிறது. கூடவே பொதுமக்களிலிருந்து ஆட்களை எடுத்து அமைத்த குழு ஒன்றும் இருக்கிறது. பார்க்கலாம், கேட்கலாம், அறிக்கை எழுதலாம். ஷெரிஃபுக்கு உத்தரவு போட முடியாது. ஷெரிஃப் நேரடியாக மக்கள் ஓட்டில் வருகிறவர். நம் ஊரில் எஸ்.பி.யை இரவோடு இரவாக மாற்றுவது போல இங்கே மாற்ற முடியாது.

உத்தரவு போட முடியாத குழு எதற்கு என்று நானும் கேட்டிருக்கிறேன். அதற்கு அடுத்து நடந்ததே பதில்.

அதே 2018இல், மனநலம் குன்றிய ஒரு கைதியை ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்கு வேனில் கொண்டு போனார்கள். வழி நெடுக அவர் தலையை மோதிக்கொண்டே வந்தார். மூளையில் நிரந்தரப் பாதிப்பு. கவுண்டி 1 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. டைரீயின் குடும்பத்துக்கு ஏற்கெனவே 36 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், கொடுத்தவர்கள் நாம்தான். வேன் விவகாரத்தில் துறைக்குள் தொடங்கிய விசாரணை யார்மீதும் நடவடிக்கை இல்லாமல் நின்றுபோனது. வெளிக் கண்காணிப்பாளர் ஆவணங்களைக் கேட்டார். வரவில்லை. 2021இல் வாரியம் அன்றைய ஷெரிஃப் லாரி ஸ்மித் மீது நம்பிக்கையின்மைத் தீர்மானம் போட்டது. சிவில் கிராண்ட் ஜூரி (அரசு அமைப்புகளை ஆராயும் குடிமக்கள் குழு) குற்றம் சாட்டியது. 2022 நவம்பரில் அவர் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. தீர்ப்புக்குச் சில நாள் முன்பு அவர் பதவி விலகிவிட்டார்.

செய்திகளில் பெரிதாக அடிபட்டது துப்பாக்கி உரிம விவகாரமும், ஷார்க்ஸ் ஹாக்கி ஆட்டத்தில் சொகுசு அறையில் உட்கார்ந்ததும். ஆனால் அந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்று, கண்காணிப்பாளருக்கு ஒத்துழைக்க மறுத்தது. ஒரு பொதுக் கண்காணிப்பு அமைப்பு கேட்ட காகிதத்தைக் கொடுக்காததும் ஷெரிஃப் மீது ஒரு குற்றச்சாட்டாகவே வந்தது என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. பல் இல்லாத குழு என்றார்கள். ஆனால் அது கேட்டதும் கிடைக்காததும் பதிவில் இருந்தன. நீதிமன்றம் வரை அது போனது.

2020 ஜூனில் சாத்தான்குளம் நடந்தபோது நம்மில் எத்தனை பேர் கொதித்தோம் என்று எனக்கு நினைவிருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் தூங்காமல் எழுதினோம். கோவில்பட்டி கிளைச்சிறையில் அடைக்கப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். அப்போது மாஜிஸ்திரேட் விசாரணையில் என்ன தெரிந்தது? காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. பதிவுகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள். வெளியாள் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்ததால்தான் அதுவே வெளியே வந்தது. அங்கே கேட்ட அதே கேள்வியை, 15 நிமிட கார் தூரத்தில் இருக்கும் சிறையைப் பற்றி நாம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"நம்ம ஆளுங்க யாரும் அங்க இல்லையே" என்பீர்கள். சரி, ஒரு கதை சொல்கிறேன்.

சில வருடம் முன்பு சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் ஒரு கவுண்டிச் சிறையில் (எந்தக் கவுண்டி என்பது வேண்டாம்) என் நண்பன் இரண்டு இரவு இருந்தான். என்ன வழக்கு என்பதும் வேண்டாம், பிறகு தள்ளுபடியானது. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே தொலைபேசி எண் திருச்சி வீட்டு லேண்ட்லைன். மற்றதெல்லாம் செல்போனுக்குள். செல்போன் அவர்கள் கையில். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அவனை வெளியே விட்டார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் சார்ஜ் தீர்ந்த போன், பர்ஸ், பெல்ட். பஸ் இல்லை. ஒரு மைல் நடந்து பெட்ரோல் பங்கில் சார்ஜர் கேட்டு வாங்கி என்னைக் கூப்பிட்டான். நான் போனபோது ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். "யார்கிட்டயும் சொல்லிடாதடா" என்பதுதான் முதல் வார்த்தை. நானும் சொல்லவில்லை, இன்று வரை.

கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம், கூப்பிட ஒரு நண்பன் எல்லாம் இருந்தும் அவனுக்கு அந்த நிலை. எதுவும் இல்லாதவர்களுக்கு? 2018இல் பக்கத்து அலமீடா கவுண்டியில், டப்ளினில் இருக்கும் சான்டா ரீட்டா சிறையிலிருந்து ஓர் இளம்பெண்ணை நள்ளிரவு தாண்டி விடுவித்தார்கள். பார்ட் ரயில் ஓடாத நேரம். விடிந்தபோது ரயில் நிலையத்துக்கு அருகே இறந்து கிடந்தார், போதைமருந்து. டப்ளினில் புது வீடு வாங்கியிருக்கும் நம் ஆட்கள் தினமும் கார் நிறுத்துகிற நிலையம் அது. வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வந்தவர்களைப் பற்றி 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட 13 மடங்கு. ஆக, கதவைத் திறந்துவிடும் அந்த நேரமும் கண்காணிப்பில் சேர வேண்டிய விஷயம்தான்.

நம் கவுண்டி இதில் மோசமில்லை, சொல்லப்போனால் பல இடங்களைவிட மேல். 2012இல் மெயின் ஜெயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் மறுவாழ்வு மையம் திறந்தார்கள். மருத்துவம், மெடி-கால் (வருமானம் குறைந்தவர்களுக்கான மாநில மருத்துவக் காப்பீடு) பதிவு, பழைய வழக்குப் பதிவை நீக்க வழக்கறிஞர் உதவி, மாற்றுத் துணி எல்லாம் ஒரே கூரையின் கீழ். 2024 அக்டோபரிலிருந்து, விடுதலைக்கு 90 நாள் முன்பே சிறைக்குள் மெடி-கால் சேவை தொடங்குகிறது. மாநிலத்தில் இதை முதலில் தொடங்கிய மூன்று கவுண்டிகளில் நம்முடையதும் ஒன்று. வெளியே வரும்போது கையில் மருந்தும் அடுத்த டாக்டர் அப்பாயிண்ட்மெண்டும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லோருக்கும் அது நடக்கிறதா, இரவு இரண்டு மணிக்கு வெளியே வருகிறவருக்கும் நடக்கிறதா என்று கேட்க ஆள் வேண்டும்.

"தப்பு செஞ்சவனுக்கு எதுக்கு இவ்வளவு?" இந்தக் கேள்வி கோயில் சாப்பாட்டு வரிசையிலேயே என் காதில் விழுந்திருக்கிறது. விசாரணைக் கைதியைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன், திரும்பச் சொல்லப் போவதில்லை. தப்பு செய்தவர் என்றே வைத்துக்கொள்வோம். கவுண்டிச் சிறைக்குப் போகிற ஏறக்குறைய எல்லோரும் திரும்பி வருகிறார்கள், பலர் மாதக் கணக்கிலேயே. வந்து இதே சன்னிவேல், மில்பிட்டாஸ் தெருக்களில்தான் இருக்கப் போகிறார்கள். தங்க இடம், வேலை இரண்டும் இல்லாமல் இருக்க வேண்டுமா என்பதை ஓரளவு நாமும் முடிவு செய்கிறோம். ஏனென்றால் வாடகைக்கு விடுவதும் வேலைக்கு எடுப்பதும் நாம்தான்.

ஹோட்டல், மளிகைக் கடை, ஸ்டார்ட்அப் என்று நடத்தும் நண்பர்களே, 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், வேலை தருகிறேன் என்று சொல்லும் முன் பழைய வழக்கைப் பற்றிக் கேட்பது 2018இலிருந்து கலிஃபோர்னியாவில் சட்ட விரோதம். விண்ணப்பத்தாளில் இன்னும் அந்தக் கட்டம் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இரண்டாவது வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களும் "வழக்கு உள்ளவர்களுக்கு இல்லை" என்று ஒட்டுமொத்தமாக மறுக்க முடியாது. சட்டத்துக்குப் பயந்து என்றில்லை. ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள், பிறகு உங்கள் விருப்பம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒன்று. பொங்கல் விழாவுக்கு வாரிய உறுப்பினர்களைக் கூப்பிட்டுச் சால்வை போடுகிறோம். படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த முறை சால்வையோடு ஒரு கேள்வியையும் கொடுங்கள்: கண்காணிப்புக் குழு கேட்ட ஆவணங்கள் எல்லாம் இப்போது தடையில்லாமல் வருகின்றனவா? 2021இல் நடப்புக்கு வந்த ஏபி 1185 சட்டப்படி, இப்படிப்பட்ட குழுவுக்குச் சம்மன் அனுப்பும் அதிகாரமே தரலாம். பக்கத்து சான் மடேயோ கவுண்டியில் 2025 மார்ச்சில், ஷெரிஃபை நீக்கும் அதிகாரத்தை மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் வாரியத்துக்குக் கொடுத்தார்கள். அக்டோபரில் வாரியம் அதைப் பயன்படுத்தியது. நமக்கு ஷெரிஃப் தேர்தல் இனி 2028இல்தான், 2022இல் வந்தவர்களுக்குச் சட்டம் ஆறு வருடம் கொடுத்திருக்கிறது. அதுவரை கேள்வி கேட்க இருக்கிற இடம் அந்தக் குழுதான்.

குழுக் கூட்டங்கள் பொதுவில் நடக்கின்றன. பேச ஓட்டுரிமை வேண்டாம், பச்சை அட்டை வேண்டாம், எச்-1பியில் இருப்பவரும் எழுந்து பேசலாம். ஒன்றிரண்டு நிமிடம்தான் தருவார்கள். போன தடவை நான் போயிருந்தபோது பார்வையாளர் நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலி. பேசியவர்களில் ஒரு அம்மா, மகன் உள்ளே இருக்கிறானாம், கையில் எழுதி வந்த தாளைப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. எனக்குப் பேச வரவில்லை. என் இரண்டு நிமிடத்தை அவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன், விதிப்படி முடியாது என்றார்கள். நான் பேசியிருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குப் போகிறேன். சொல்ல வேண்டியதை இந்த முறை எழுதி வைத்திருக்கிறேன், இரவு விடுதலையைப் பற்றி. நண்பனிடம் அனுமதி கேட்டேன். பெயர் சொல்லாமல் சொல் என்றான், அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, தானும் வருகிறேன் என்றான். சன்னிவேலிலிருந்து கிளம்புகிறோம், காரில் இன்னும் மூன்று இடம் இருக்கிறது.

அன்புடன்,
சன்னிவேலிலிருந்து ஒரு தமிழன்