செவலை விமானம் ஏறுவாளா?

மதுரை,
17.08.2025.

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், நம் நாய் செவலையும் நலம். முகவர் ஒருவர் மூலம் செவலையை ஜெர்மனிக்கு, நீ இருக்கும் மியூனிக்குக்கு அனுப்பி வைக்க முடியுமா என்று போன மாதம் நீ தொலைபேசியில் கேட்டாய். கடிதம் எழுதுகிறேன் என்று சொன்ன நான் மூன்று வாரம் கடத்திவிட்டேன். அதற்காக அம்மாவிடம் நாள்தோறும் திட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். நீ அயல்நாடு போன இந்த இரண்டு ஆண்டுகளில் செவலை எங்களோடு ரயிலிலும் காரிலும் அலைந்த கதையைத் துண்டு துண்டாகத்தான் நீ கேட்டிருக்கிறாய். அவற்றிலும் அம்மா உனக்குச் சொன்னவை எல்லாம் சிரிப்பு வருகிற பகுதிகள். மீதியையும் தெரிந்துகொண்டு நீ முடிவெடுக்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாயை 'அது' என்று எழுதுவதே முறை என்றாலும், எழுதிய கடிதத்தை அம்மா வாங்கிப் படித்துப் பார்த்த பிறகே தபாலில் சேர்ப்பாள் என்பதால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

முதலில் ரயில். சென்னையில் உன் அத்தை மகன் திருமணத்துக்கு அவளையும் அழைத்துப் போவது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். நாயை ரயிலில் கொண்டுபோக இரண்டே வழிகள் உண்டு. முதல் வகுப்பு ஏசியில் இரண்டு படுக்கை உள்ள கூபேயோ நான்கு படுக்கை உள்ள அறையோ முழுவதுமாக நம்முடையதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு வண்டியில் உள்ள நாய்ப்பெட்டியில் ஏற்ற வேண்டும். ஸ்லீப்பரிலோ, இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசியிலோ ஏற்றவே கூடாது. டிக்கெட் எடுக்கும்போதே கூபேயைத் தேர்ந்தெடுக்க முடியாது. தனியாக விண்ணப்பம் கொடுத்துவிட்டு, சார்ட் தயாராகும்வரை காத்திருந்து, கிடைத்ததா இல்லையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முப்பத்தாறு ஆண்டுகள் அஞ்சல் துறையில் படிவங்களோடு குடித்தனம் நடத்திய நான், முந்தின நாள் மாலை விண்ணப்பம் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது. சார்ட்டில் எங்களுக்கு நான்கு பேர் அறையில் இரண்டு படுக்கைகள் விழுந்திருந்தன. மற்ற இருவரில் ஒரு அம்மாளுக்கு நாய் என்றாலே நடுக்கம்.

ஆகவே பார்சல் அலுவலகத்துக்குப் போனோம். கால்நடை மருத்துவர் கொடுத்த உடல்தகுதிச் சான்றையும் தடுப்பூசிப் புத்தகத்தையும் பார்த்துவிட்டு, செவலையைத் தராசில் நிறுத்தினார்கள். பதினெட்டு கிலோ. வாழ்நாளெல்லாம் பார்சலுக்கு ரசீது எழுதிக் கொடுத்த எனக்கு, நம் வீட்டு உயிர் ஒன்றுக்குப் பார்சல் ரசீதை நீட்டி வாங்கியபோது கை கூசியது.

நாய்ப்பெட்டி என்பது தாழ்ந்த ஓர் இரும்பு அறை. கம்பிக் கதவு வழியாக மட்டும் காற்று வரும். அம்மா தன் சேலை ஒன்றை விரித்த பிறகுதான் செவலை உள்ளே போனாள். கதவைச் சாத்தியதும் அவள் எழுப்பிய ஓலத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. திண்டுக்கல்லில் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி ஓடினேன், குடிக்கவில்லை. திருச்சியில் நடுநிசி. கம்பி இடுக்கில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நான் நீட்டிய விரலை நக்கினாள். நாக்கு காய்ந்து மணல்தாள் போல் இருந்தது. விழுப்புரத்தில் கார்டு தானாகவே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சார், கத்துறத எப்பவோ நிறுத்திருச்சு. ஆனா ராத்திரி பூரா நின்னுக்கிட்டேதான் வருது, படுக்கவே இல்ல." (2022 முதல் அந்தப் பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், நடைமேடையில் எல்லோருக்கும் அவர் இன்னும் கார்டுதான்.) எழும்பூரில் இறங்கிய பிறகு இரண்டு நாள் சோறு தொடவில்லை. உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று மருத்துவர் சொன்னார். கல்யாண வீட்டில் அம்மா குளிக்கப் போனாலும் கதவருகே படுத்துக்கொண்டு, கதவின் அடியில் மூக்கை நுழைத்தபடி இருந்தாள்.

திரும்பும்போது ஐந்து நாள் முன்னதாகவே விண்ணப்பம் கொடுத்தேன், கூபே கிடைத்தது. அதே தண்டவாளம், அதே எட்டு மணி நேரம், அதே ஆட்டம். கீழ்ப்படுக்கைக்கு அடியில் அம்மாவின் செருப்பின் மேல் தலையை வைத்தவள், திண்டுக்கல் வந்து நான் காப்பி வாங்க எழுந்தபோதுதான் கண் திறந்தாள். இந்த இரண்டு இரவுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

கார் அவளுக்கு முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. வாடிப்பட்டி தாண்டுவதற்குள் கொட்டாவி மேல் கொட்டாவி விடுவாள், உதட்டை நக்குவாள், பிறகு எச்சில் நூலாகத் தொங்கும். அடுத்தது என்னவென்று உனக்கே தெரியும். புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து உணவு கொடுக்க வேண்டாம், கண்ணாடியைச் சிறிது இறக்கி வையுங்கள், வண்டியை ஓட்டாமலே அதற்குள் வைத்துச் சோறு போட்டுப் பழக்குங்கள் என்றார் மருத்துவர். அப்படியே செய்தோம். வாசலில் நிற்கும் காருக்குள் ஒரு வாரம் சாப்பாடு, பிறகு தெருமுனை வரை, பிறகு திருப்பரங்குன்றம், பிறகு அழகர்கோவில். ஒரு மாதத்தில் கார்ச் சாவி குலுங்கினால் அவள்தான் முதலில் வாசலுக்கு வருகிறாள்.

அந்தத் தைரியத்தில்தான் போன ஆண்டு கொடைக்கானல் போனோம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து அங்கே போக இ-பாஸ் எடுக்க வேண்டும். எத்தனை பேர் என்று கேட்ட இடத்தில் மூன்று என்று போடச் சொன்னாள் அம்மா; நான் இரண்டு என்றே போட்டேன். காட்ரோட்டைக் கடந்து மலை ஏறும்போது வாந்தி இல்லை, எச்சில் இல்லை. என் பயிற்சியைப் பற்றி நானே பெருமையாகப் பேசிக்கொண்டு வந்து, வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே வண்டியை நிறுத்தினேன். அங்கே குரங்குகள்.

செவலையைப் போன்ற சிப்பிப்பாறை நாயின் தலை அதன் கழுத்தைவிட ஒடுங்கியது என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. இவை மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி முயல் விரட்டுவதற்கென்றே வளர்க்கப்பட்டவை. ஓடுகிற ஒன்றைப் பார்த்துவிட்டால் காது கேட்காது. ஒரு குரங்கு சாலையைக் கடந்தது. செவலை பின்னோக்கி ஓர் இழுப்பு இழுத்தாள். கழுத்துப்பட்டை முழுசாக என் கையில் தங்கிவிட்டது. கொண்டை ஊசி வளைவில் பேருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவள் பெயரைக் கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். நான் ஓட ஓட, நானும் சேர்ந்து வேட்டையாட வருகிறேன் என்று எண்ணி அவள் இன்னும் வேகமாக ஓடினாள். அம்மா ஓடவில்லை. காருக்குள் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்து, அவளுடைய எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் மூன்று முறை தட்டினாள், வீட்டில் தினமும் இரவு எட்டு மணிக்குத் தட்டுவது போலவே. பேருந்துக்கும் பாறைக்கும் நடுவில் நின்ற செவலை காதை நிமிர்த்தினாள். திரும்பி வந்து காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தட்டில் ஒன்றும் இல்லை என்பதைக் கண்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தாளே, அதற்காகவாவது நீ அங்கே இருந்திருக்க வேண்டும். மறுநாளே மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை வாங்கிவிட்டோம். நீயும் அங்கே கழுத்துப்பட்டையை நம்பாதே.

கொடைக்கானலில் இன்னொன்றும் தெரிந்தது. நம் கரிசல் காட்டு வெயிலுக்கென்று அமைந்த உடம்பு அவளுடையது. குட்டை முடி, மெல்லிய தோல், விலா எலும்பின் மேல் கொழுப்பே கிடையாது. இரவில் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் இருந்திருக்கும். என் மஃப்ளரையும் அம்மாவின் சால்வையையும் சுற்றிய பிறகும் நடுங்கினாள். உன் ஊரில் குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்கிறாய்.

ராமேசுவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் சம்மதம் சொன்ன விடுதிக்காரர் ஆளைப் பார்த்ததும் மறுத்துவிட்டார்; அன்றிரவு மூவரும் காரிலேயே தூங்கினோம். கோவிலுக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது என்பதால் அம்மா இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி வரும்வரை நான் அவளோடு வெளியே நின்றேன். பைரவர் வாகனம் என்று சொல்லி நான்கைந்து பேர் பிஸ்கெட் போட்டுவிட்டுப் போனார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை. தனுஷ்கோடிக்கு நாங்கள் போனது மாசி மாத நண்பகல், அதுதான் என் அடுத்த முட்டாள்தனம். மணலில் பத்தடி நடந்தவள் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைக்கத் தொடங்கினாள். புறங்கையை மணலில் வைத்துப் பார்த்தேன். ஐந்து வரை எண்ண முடியவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டுபோய், 1964 புயலில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரின் நிழலில் படுக்க வைத்தேன். சங்கு மாலை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் தன் குடிதண்ணீரை நான்கு பாதங்களிலும் ஊற்றினாள். நாய்க்கு உடம்பில் வியர்க்காது. உள்ளங்காலில்தான் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

வால்பாறைக்குப் போகலாம் என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள். நான் சம்மதிக்கவில்லை. அங்கே சிறுத்தை வீட்டு வாசலிலிருந்தே நாயைத் தூக்கிக்கொண்டு போகும். நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்குத் தொற்றும் நோய்களும் உண்டு. நம் ஆசைக்காக இரு தரப்பையும் சங்கடப்படுத்துவானேன்?

இனி உன் கேள்விக்கு வருகிறேன். விதிகளை வரி வரியாகப் படித்துவிட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போக முதலில் தோலுக்கடியில் பதினைந்து இலக்க எண் கொண்ட சிப் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு போடும் வெறிநோய்த் தடுப்பூசிதான் செல்லும். முன்பு போட்ட ஊசிகள் எல்லாம் கணக்கில் வராது. ஊசி போட்டு முப்பது நாள் கழித்து ரத்தம் எடுத்து, அவர்கள் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்தில் சோதித்து, எதிர்ப்புச் சக்தி மில்லி லிட்டருக்குக் குறைந்தது 0.5 அலகு இருப்பதைக் காட்ட வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். சிப்பும் ஊசியும் ஆகஸ்டு 4 அன்று முடிந்துவிட்டன. செப்டம்பர் முதல் வாரம் ரத்தம் எடுத்தால் டிசம்பரில் அவள் கிளம்பலாம். காகிதத்தைப் பொறுத்தவரை எல்லாம் கூடிவரும்.

காகிதம் எனக்குக் கவலை இல்லை. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வரைக்கும் நேர் விமானமே பத்து மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் காத்திருப்பு வேறு. மயக்க மருந்து கொடுத்து ஏற்றுவது ஆபத்து என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கார்டு வண்டியில் நின்றுகொண்டே வந்தவளை, முகம் தெரியாத முகவர் கையில் கொடுத்து, இறங்குகிற இடத்திலும் முகம் தெரியாதவர்கள் வாங்கிக்கொள்ளும்படி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. விதியும் என் பக்கம்தான் இருக்கிறது: உரிமையாளர் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் இடையே ஐந்து நாளுக்கு மேல் போனால், வணிகத்துக்காக அனுப்பும் விலங்குகளுக்கான விதிகள் வந்துவிடும். ஆகவே நீயே வா. டிசம்பர் வேண்டாம், பனி விலகிய பிறகு ஏப்ரலில் அவள் அங்கே இறங்கட்டும். மார்ச்சில் மூன்று வாரம் விடுப்பு எடுத்து வந்து, அவள் உன்னோடு மறுபடி ஒட்டிய பிறகு அதே விமானத்தில் அழைத்துப் போ. சரக்கு அறையில்தான் இருப்பாள் என்றாலும், உள்ளே விடுவதும் வெளியே எடுப்பதும் நீயாக இருக்க வேண்டும்.

எங்கள் சுயநலமும் இதில் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. நீ போன பிறகு ஆறு மாதம் வாசல் தாண்டாதிருந்த உன் அம்மா, செவலையை நடத்திக்கொண்டு போகத்தான் முதலில் தெருவில் இறங்கினாள். இருந்தாலும் அவள் உன் நாய். சாத்தூரிலிருந்து அட்டைப்பெட்டியில் வைத்து நீ கொண்டுவந்தவள். இந்தக் கணக்கில் நான் நேர்மை தவற மாட்டேன்.

பயணக் கூண்டை வாங்கிக் கூடத்தில் வைத்துவிட்டேன். உள்ளே நின்று, திரும்பி, நீட்டிப் படுக்க இடம் இருக்கிறது. முதல் வாரம் கழுத்தை மட்டும் நுழைத்துச் சோறு தின்றுவிட்டு வெளியே வந்துவிடுவாள். அம்மா சேலையை விரித்த பிறகு செவலை உள்ளே போய்ப் படுத்தாள். நேற்றுக் கதவைச் சாத்தியும் பார்த்தோம். குக்கரில் மூன்று விசில் வரும்வரை அமைதியாகப் படுத்திருந்தாள், அம்மா அடுப்படியில் கண்ணுக்குத் தெரியும்படி நின்றதால். துணி காயப்போட அம்மா கொல்லைப்புறம் போனதும் கம்பியைப் பிறாண்டத் தொடங்கிவிட்டாள்.

மார்ச்சுக்குள் சேலை இருக்கும் இடத்தில் உன் வாசனைக்கும் அவள் பழக வேண்டும். நீ இரண்டு மூன்று நாள் உடுத்திய சட்டை ஒன்றைப் பார்சலில் அனுப்பு. துவைக்காமல் அனுப்பு, இதை அடிக்கோடிட்டு எழுதச் சொன்னாள் அம்மா.

அன்புடன்,
அப்பா