சத்தம் வரவில்லை என்று மெஷினை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டில் ஏரிப் பக்கம் வீடியோ கேம் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி போன மாதம் போன் பண்ணினார். "அண்ணா, கார் ரேஸ் மெஷின் ஊமையாயிடுச்சு. ஒருத்தர் வந்து பார்த்துட்டு போர்டே போச்சுன்னுட்டார். எடைக்குப் போடப்போறேன், ஸ்பேர்ஸுக்கு வேணும்னா நீங்க எடுத்துக்குங்க" என்றார். மனசு கேட்காமல் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். படம் பளிச்சென்று ஓடுகிறது, ஸ்டீயரிங் திரும்புகிறது, காசு போட்டால் கணக்கு ஏறுகிறது. இப்படி ஓடுகிற போர்டையா செத்துப்போச்சு என்றார்கள்? மெஷினுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையில் மீட்டர் வைத்தேன். 5 வோல்ட் சரியாக இருந்தது, 12 வோல்ட் வரவே இல்லை. இந்த வகை மெஷின்களில் பெரும்பாலும் கேம் ஓடுவது 5 வோல்ட்டில், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஓடுவது 12 வோல்ட்டில். கனெக்டரில் ஒரு பின் பச்சை பூத்துக் கருகிக் கிடந்தது, அதை மாற்றியதும் என்ஜின் உறுமியது. போன வருஷமே இன்னொரு மெஷினை இதே காரணத்துக்காக எடைக்குப் போட்டுவிட்டேன் என்று அவர் சொன்னபோது வயிறு எரிந்தது.

1500 மீட்டர் உயரத்தில் பனி உள்ளே இறங்கும் ஊரில், சீசன் இல்லாத மாதங்களில் அணைத்தே கிடக்கும் மெஷினுக்கு முதலில் கெடுவது இப்படிப்பட்ட பின்களும் வால்யூம் கண்ட்ரோலும்தான். வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்று வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள், பாதிக் கேஸ் அதிலேயே முடியும். ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டால் வயரைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், "டொக்" என்றால் ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கிறது.

சத்தத்தோடு சேர்ந்து "ம்ம்ம்" என்று ஒரு ஹம் ஓயாமல் வந்தால் அது பெரும்பாலும் சப்ளையில் இருக்கும் பெரிய கண்டென்சர் காய்ந்துபோனதற்கு அடையாளம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபயரைத் தாண்டியதும் அது 100 ஆகிறது, கண்டென்சர் வடிகட்டாமல் விடுவதுதான் காதில் விழுகிறது. சத்தம் வருகிறது ஆனால் அடித்தொனியே இல்லாமல் தகரம் மாதிரி இருக்கிறதா? ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் இருக்கும் கண்டென்சரை மாற்றுங்கள். ஆம்ப்ளிஃபயரில் டிடிஏ 2003 மாதிரி சத்தம் பெருக்கும் ஐசி இருந்தால் அதன் அவுட்புட் காலில் சப்ளையில் ஏறக்குறைய பாதி, அதாவது 6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். அங்கே முழு 12 வோல்ட்டோ பூஜ்யமோ காட்டினால் பெரும்பாலும் ஐசி போயிருக்கும், அதுவும் சின்னக் காசுதான்.

ஒரே ஒரு சத்தம் மட்டும் வரவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் தொடவே வேண்டாம். 1978இல் டைட்டோ கம்பெனி கொண்டுவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் சுடுவதற்கு ஒரு சர்க்யூட், வெடிப்பதற்கு ஒரு சர்க்யூட் என்று தனித்தனியாக இருந்தது, பறக்கும் தட்டின் சத்தத்துக்குத் தனி ஐசியே உண்டு. அதனால் எந்தச் சத்தம் காணோம் என்று காது கொடுத்துக் கேட்டாலே போர்டில் எந்த மூலையைப் பார்ப்பது என்று தெரிந்துவிடும். வில்லியம்ஸின் பழைய பின்பால் மெஷின்கள் சிலவற்றில் சவுண்டு போர்டிலேயே சோதனைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் சத்தம் வருகிறதா? அப்படியானால் சவுண்டு போர்டில் பழுது இல்லை, மெயின் போர்டிலிருந்து வரும் வயர்களைப் பாருங்கள்.

இன்னொன்று, யாரும் விளையாடாதபோது சத்தம் வராமல் வைக்கிற டிப் சுவிட்ச் (செட்டிங் மாற்றும் குட்டி சுவிட்ச்) பல போர்டுகளில் உண்டு. காசு போட்டு ஆடிப் பார்க்காமலே சவுண்டு போச்சு என்று என்னை இரண்டு தடவை மலைக்கு வரவழைத்திருக்கிறார்கள். பழகாதவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், பழைய பிக்சர் டியூப் பக்கம் கை போகவே கூடாது, அணைத்த பிறகும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

கோடை விழாக் கூட்டத்துக்காக மெஷின் வைத்திருக்கும் கடைக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான்: போர்டு போச்சு என்று யாராவது சொன்னால், 12 வோல்ட் பார்த்தீர்களா, ஸ்பீக்கர் பார்த்தீர்களா என்று அவரிடமே கேளுங்கள், மீட்டர் வைத்து உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவர் பேச்சை நம்பி எடைக்காரரைக் கூப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
ரேடியோ, டிவி மெக்கானிக்,
அஸ்தம்பட்டி, சேலம்.