புதுத் தொட்டியும் பழைய தண்ணீரும்

அன்பு நண்பனுக்கு,

உன் புது மீன்தொட்டியைப் பற்றித் தொலைபேசியில் நீ பதறியபோது, "உடனே பாதித் தண்ணீரை மாற்று" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதன் காரணத்தை நிதானமாக எழுதுகிறேன்.

பேத்திக்காக 60 லிட்டர் தொட்டி வாங்கிய அன்றே 4 தங்கமீன்களை விட்டிருக்கிறாய். ஒரு மாதம் தண்ணீரைத் தொடாதே, தொட்டால் தொட்டி பக்குவப்படாது என்று கடையில் சொன்னார்களாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் கொளத்தூரில் மீன் வாங்கிய நாளில் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். நானும் நம்பினேன். பதினோராம் நாள் காலையில் இரண்டு மீன்கள் அடியில் சரிந்து கிடந்தன. செவுளின் ஓரம் குங்குமம் தடவியதுபோல் சிவந்திருந்தது. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை, ஆகையால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்ற நஞ்சு சேர்ந்துகொண்டே இருக்கும். அதை நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியாவும், நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவும் பெருகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். சைக்கிளிங் என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்வது இதைத்தான். இந்தப் பாக்டீரியா தண்ணீரில் மிதந்து வாழ்வதைவிட ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கிறது. ஆகவே தண்ணீரை மாற்றினால் நஞ்சு வெளியேறுமே தவிர, பாக்டீரியா வெளியேறாது. அதைக் கொல்வது, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து அலசும் பழக்கம். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒரு வாளியில் மெல்லப் பிழிந்தெடு, போதும்.

தண்ணீரில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளக்கும் டெஸ்ட் கிட் ஒன்று அவசியம் வாங்கு. தொட்டித் தண்ணீரில் சொட்டு மருந்து விட்ட கண்ணாடிக் குழாயில், மஞ்சள் நிறம் எவ்வளவு பச்சையாக மாறுகிறதோ அவ்வளவு அம்மோனியா கூடுதல் என்று பொருள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் காட்டினால், பத்தில் ஒரு பங்கு மாற்றியும் 0.9 மீந்திருக்கும், பாதியை மாற்றினால்தான் 0.5 ஆகும். அதனால்தான் ஒரு குவளை எடுத்து ஒரு குவளை ஊற்றுவது வீண் வேலை என்கிறேன். உன் வீட்டு போர் தண்ணீரின் பி.ஹெச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 8-ஐ ஒட்டியிருப்பதாகச் சொன்னாய். 25 டிகிரி வெப்பத்தில், பி.ஹெச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ அரை சதவீதம் மட்டுமே கொடிய வடிவில் இருக்கும். 8-ல் அதுவே 5 சதவீதத்தைத் தாண்டும். கிட் காட்டும் எண் ஒன்றேயானாலும் உன் மீன்கள் படும் பாடு ஏறக்குறைய பத்து மடங்கு.

குழாய்த் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ ஊற்றுவதாக இருந்தால் குளோரின் நீக்கும் மருந்தை மறக்காதே. வாளித் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் கைக்கு ஒரே சூடாகத் தெரிய வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் அம்மோனியா இறங்கியதும் ஆபத்து தீர்ந்தது என்று தோன்றும். அப்போதுதான் நைட்ரைட் ஏறும். மீனின் இரத்தம் பழுப்பாகி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போவதால், ஏர் பம்ப் ஓடினாலும் அது மூச்சு வாங்கும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் தினமும் அளந்து, எது 0.5-ஐ எட்டினாலும் மறுபடி பாதியை மாற்று. தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள் சிட்டிகையளவு போடு. பேத்தி கேட்டாலும் கூடுதலாகப் போட விடாதே.

தங்கமீன் நிறையத் தின்று நிறையக் கழிக்கும் என்பதால் 60 லிட்டரில் நான்கு மிக அதிகம். ஞாயிறன்று வரும்போது என் பழைய ஃபில்டரின் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, ஈரம் காயாமல் எடுத்து வருகிறேன். அதை உன் ஃபில்டரோடு சேர்த்து வைத்தால் வாரக்கணக்கான காத்திருப்பு பெரிதும் குறையும். திரும்பும்போது இரண்டு மீன்களை என் பெரிய தொட்டிக்குக் கொண்டுபோகிறேன். எந்த இரண்டு என்பதைப் பேத்தியே சொல்லட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்