ஈமச்சின்னங்கள் உள்ள புல எண்களை வருவாய்ப் பதிவேட்டில் ஏற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
தொல்லியல் ஆர்வலர்கள்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: பெருங்கற்கால ஈமச்சின்னங்களான (இறந்தோரைப் புதைத்த இடத்தின் அடையாளங்கள்) கற்குவைகள், கல்வட்டங்கள், நெடுகற்கள் – புல எண் வாரியாகக் கணக்கெடுத்துப் பாதுகாக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. மல்லசந்திரத்தில் பலகைக் கற்களால் எழுப்பிய கல்திட்டைகளையும் பலர் அறிவர். ஆனால் எந்தப் பட்டியலிலும் ஏறாத ஈமக்காடுகள், கிராம நில விவரப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் வெறும் கல்லாங்குத்து, மேய்ச்சல் புறம்போக்கு என்றே இருக்கின்றன. கிராவல் எடுக்க அனுமதி கேட்டு வரும் கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு அங்கே ஈமச்சின்னம் இருப்பது தெரிய வழியில்லை.

கல்வட்டத்தின் உருண்டைக் கற்கள் பாதி மண்ணில் புதைந்திருக்கும். நடுவில் சிறு கற்குவியல். அதன் அடியில் பலகைக் கற்களை ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிறுத்திய கல்லறை, பெரும்பாலும் கிழக்குப் பலகையில் வட்டமான இடுதுளையுடன். பொக்லைன் மேல்மண்ணை இரண்டடி வழித்தாலே வட்டமும் குவியலும் போய்விடும். கல்லறை அடியில் தப்பினாலும் பிறகு இடம் தெரியாது. நட்டு நிறுத்திய உயரக் கல்லான நெடுகல்லைச் சுற்றி மண் எடுத்தால் அடியில் இறுக்கிய கற்கள் நெகிழ்ந்து, அடுத்த மழையில் கல் சாயும். சாய்ந்ததைக் கிரேன் வைத்து நிமிர்த்தி சிமெண்ட் பூசுவதும் கேடுதான். அடிக்குழி மண்ணில் வெயில் பட்டுவிட்டால் மண் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் ஒளிவழிக் காலக்கணிப்புக்கு அது உதவாது.

எனவே கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், தொல்லியல் அலுவலர் மூவரும் சேர்ந்து களம் இறங்க உத்தரவிட வேண்டுகிறோம். ஊர்ப் பெரியவர்களிடம் ‘பாண்டவர் குழி’, ‘மாண்டவர் மேடு’ என்று விசாரித்தால் இடம் காட்டுவார்கள். ஒவ்வொரு சின்னத்தின் விட்டம், எஞ்சிய கற்களின் எண்ணிக்கை, ஜிபிஎஸ் அளவு ஆகியவற்றைக் குறித்து, புலப்படத்திலும் ‘அ’ பதிவேட்டின் குறிப்புக் கலத்திலும் ஏற்ற வேண்டும். கனிமவளத் துறை அந்தப் புல எண்களுக்குத் தடையின்மைச் சான்று கேட்காமல் அனுமதி தரக்கூடாது. வேலி போட்டால் கடைசிக் கல்லிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளிப் போடுங்கள். வட்டங்களுக்கு இடையிலும் மேலே அடையாளமில்லாத புதைகுழிகள் இருக்கக்கூடும், கம்பத்துக்குத் தோண்டும் குழியே அவற்றை உடைத்துவிடும்.

பட்டா நிலமானால் அறிவிப்புப் பலகைக்கு முன்பே உரிமையாளரிடம் பேச வேண்டும். நிலம் பறிபோகும் என்ற அச்சம் வந்துவிட்டால் இரவோடு இரவாகக் கற்கள் பெயர்க்கப்படும்.

1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொல்லியல் சட்டத்தின்கீழ் அறிவிக்கை வரக் காலம் பிடிக்கும். பதிவேட்டுக் குறிப்புக்கோ தங்கள் உத்தரவே போதும். மழைக்குப் பின் உண்ணிச்செடி கற்களை மூடிவிடுவதால், புல் காய்ந்திருக்கும் பிப்ரவரி முதல் மே மாதத்துக்குள் கணக்கெடுப்பை முடிக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தொல்லியல் ஆர்வலர்கள்