பவர் ஏறல, கழுத்துதான் பாப்பா

பாப்பா,

கண்ணு டெஸ்ட்ல பவர் மாறலன்னு சொல்லிட்டாங்கன்னு உன் மெசேஜ் பாத்தேன். அப்புறம் ஏம்மா சாயங்காலம் ஆனா தலைவலி பின்மண்டையில ஆரம்பிச்சு ஒரு பக்கமா வந்து கண்ணு பின்னாடி குத்துதுன்னு கேக்குற. பிஜி ஹாஸ்டல்ல கட்டில் மேல முதுகுக்கு தலகாணிய முட்டுக்குடுத்து லேப்டாப்ப மடியில போட்டுக்கிட்டு வேலை பாத்தா வேற என்னடி ஆகும்.

டைப்ரைட்டிங் கிளாஸ்ல புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு ஏ எஸ் டி எஃப் சொல்றதுக்கு முன்னாடி உக்காரத்தான் சொல்லிக் குடுப்பேன், உனக்கே தெரியும். கால் தரையில, முழங்கை உடம்ப ஒட்டி, புக்கு ஸ்டாண்டுல நிமிந்து, கண்ணு புக்குல. குனிஞ்சு விரலைப் பாக்குறவங்க லோயர் பரீட்சைக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை அடிக்கவே முக்குவாங்க, ஹையருக்கு 45 எங்க போறது. அந்த பழைய ரெமிங்டன் டைப்ரைட்டர்ல ஒரு சவுகரியம், அடிக்கிற எடம் வேற, பாக்குற எடம் வேற. உன் லேப்டாப்ல ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு, கைக்கு சரியா வெச்சா கண்ணுக்கு தாழ்ந்துடும், கண்ணுக்கு ஒசத்துனா தோள் தூக்கிக்கும். அத வெச்சுக்கிட்டு நாள் பூரா நீ எப்படி உக்காந்தாலும் வலிக்கத்தான் செய்யும்.

தலை கிட்டத்தட்ட 5 கிலோ. 60 டிகிரி குனிஞ்சா கழுத்துக்கு 27 கிலோ பாரம்னு 2014ல ஒரு முதுகெலும்பு சர்ஜன் கணக்கு போட்டு எழுதுனார். ஆள வெச்சு அளந்ததில்ல, கணக்குதான், ஆனாலும் பின்மண்டைக்கு கீழ இருக்குற குட்டி குட்டி தசைங்க நாளெல்லாம் இழுத்துப் புடிச்சுட்டே இருக்கும்ல. கழுத்து மேல்பக்கத்து நரம்பும் கண்ணு நெத்தி பக்கத்து நரம்பும் உள்ள ஒரே எடத்துலதான் போய் சேருது, எங்கேருந்து வலி வருதுன்னு மூளைக்கு பிரிச்சுப் பாக்கத் தெரியல, அதான் வலி கண்ணுல தெரியுது.

கண்ணு எரிச்சல் வேற விஷயம். ஸ்கிரீனப் பாக்கும்போது கண்ணு சிமிட்டுறது ரொம்பவே கொறஞ்சுடும், அதுல ஏசி காத்து நேரா மூஞ்சில அடிச்சா காயாம என்ன செய்யும். ஸ்கிரீனோட நீல வெளிச்சத்த தடுக்கும்னு விக்கிறாங்களே, அந்த ப்ளூ லைட் கண்ணாடிக்கு காசு போடாத, கண்ணு அசதிக்கு அதால பெருசா பிரயோஜனம் இல்லன்னு மருத்துவ ஆய்வுகள சேத்து வெச்சு அலசுற காக்ரேன் அமைப்போட ஆய்வுல 2023லயே வந்துடுச்சு.

தனி கீபோர்டும் மவுஸும் வாங்கு, நீ ஆசைப்பட்ட அந்த புது சேரோட விலையில பாதி கூட ஆகாது. டேபிள்ல அட்டப்பெட்டி அடுக்கி லேப்டாப்ப மேல வை, ஸ்கிரீன் மேல் விளிம்பு கண்ணு மட்டத்துல இருக்கணும், இல்லன்னா அதுக்கு கொஞ்சம் கீழ, ஒரு கை தூரம். பிஜி பிளாஸ்டிக் சேரே போதும். 20 நிமிஷத்துக்கு ஒருக்கா ஜன்னல் வழியா தூரத்துல ஏதாச்சும் 20 செகண்டு பாரு, அப்படியே எந்திரிச்சு தண்ணி குடி.

மாத்திரைய கொறைடி. மாசத்துல பாதி நாள் பாராசிட்டமால் போட்டா அந்த மாத்திரையே தலைவலிய கொண்டு வரும். வாந்தி வந்தா, ரெட்டையா தெரிஞ்சா, கை மரத்துப்போனா அன்னிக்கே டாக்டர்ட்ட போ, எனக்கு அப்புறம் போன் பண்ணு.

எல்லாம் செட் பண்ணிட்டு உன் ரூம்மேட்ட பக்கவாட்டுல நின்னு ஒரு போட்டோ எடுக்க சொல்லு, நீ போஸ் குடுக்காம வேலை பாக்கும்போது. காது தோளுக்கு நேரா இருக்கான்னு நான் பாத்து சொல்றேன்.

அம்மா